‘யாராவது சரிபார்த்திருப்பார்கள்’: இணையத்தில் வாசகராகவே நின்றுவிடுவதால் நேரும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே செல்லும் எங்கள் தெருவின் பெயர், கைப்பேசி வரைபடம் ஒன்றில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தவறாகவே இருந்தது. ‘குறுக்குத் தெரு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ‘தெரு’ என்று இருந்ததால், பார்சல் கொண்டுவரும் இளைஞர்கள் நான்கு தெரு தள்ளிப் போய் நின்றுகொண்டு தொலைபேசியில் அழைப்பார்கள். நாங்களும் வாசலில் நின்றபடி வழி சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனோம். அந்தப் பிழை தெருவில் எல்லோருக்கும் தெரியும். ‘மேப் போட்டவனுக்கு அறிவில்லை’ என்று திட்டாதவர் எவரும் இல்லை. அதை நாங்களே திருத்தலாம், அதற்கான பொத்தான் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதைப் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி சுட்டிக்காட்டும் வரை, திருத்தும் எண்ணமே எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. அவர் திருத்தம் அனுப்பினார். சில நாட்களில் தெருவின் பெயர் சரியானது.

1999-இல் தொடங்கி ஏழெட்டு ஆண்டுகள் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு படிப்பகத்தில் மாணவர்களுக்கும் அவர்களை அழைத்துவரும் பெற்றோர்களுக்கும் கணினி சொல்லித் தருகிறேன். இரண்டு இடங்களிலும் நான் பார்த்த தவறுகள் பலவகை என்றாலும், அவற்றின் வேர் ஒன்றுதான். நாம் அச்சில் வந்ததைப் படித்து வளர்ந்தவர்கள். நாளிதழோ பாடநூலோ கைக்கு வருவதற்கு முன் அதை ஒருவர் எழுதி, மற்றொருவர் திருத்தி, இன்னொருவர் மெய்ப்புப் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கை நமக்குள் ஊறிக்கிடக்கிறது. இணையம் பலரும் சேர்ந்து எழுதும் இடமாக மாறியபோது அந்த வரிசை தலைகீழானது: முதலில் வெளியாகிறது, பிறகுதான் சரிபார்க்கப்படுகிறது, சரிபார்க்க வேண்டியவர்களில் படிப்பவரும் ஒருவர். இதைக் கவனிக்காமல் பழைய வாசகரின் பழக்கத்தோடு புதிய இடத்தில் நடமாடும்போது நேரும் தவறுகளைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

வரலாற்றையே தவறாகத் தொடங்குவது

இணையம் முதலில் படிப்பதற்கு மட்டுமே உருவாக்கப்பட்டது, பிற்காலத் தொழில்நுட்பம்தான் எழுதும் வசதியைக் கொண்டுவந்தது என்று பலரும் சொல்லித் தருகிறார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் சொல்லித் தந்தேன். உண்மை வேறு. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் ‘வலை’ (வெப்) என்ற ஏற்பாட்டை முன்மொழிந்து, 1990-இன் இறுதியில் இயக்கிக்காட்டிய முதல் உலாவியில் (பிரவுசரில்) பக்கங்களைப் படிக்கவும் முடியும், திருத்தி எழுதவும் முடியும். ஆனால் அது நெக்ஸ்ட் என்ற, மிகச் சிலரிடமே இருந்த கணினியில் மட்டுமே இயங்கியது. மற்றக் கணினிகளுக்காக அவசரமாக உருவாக்கப்பட்ட எளிய உலாவியில் படிக்கும் பகுதி மட்டுமே இருந்தது. 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்து, படங்களையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி உலகையே ஈர்த்த மொசைக் உலாவியிலும் எழுதும் வசதி இல்லை. ஆகவே, வாசகராக மட்டும் இருப்பது இடையில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். வலைக்கு முன்பே, 1980-இல் தொடங்கிய யூஸ்நெட் என்ற வலையமைப்பில் பல நாட்டு மாணவர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டும் பதில் எழுதியும் வந்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

இழந்த அந்த வசதியை மீட்டவர்களில் முதன்மையானவர் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்ஹாம். பக்கத்துக்கு வருகிற எவரும் அதை அங்கேயே திருத்தலாம் என்ற ஏற்பாட்டோடு 1995 மார்ச்சில் அவர் ஒரு தளத்தைத் திறந்தார். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடும் ‘விக்கி விக்கி’ பேருந்தின் பெயரை அதற்கு வைத்தார். ஹவாய் மொழியில் அதற்கு ‘விரைவு’ என்று பொருள். 2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா தொடங்கியபோது அதே முறையைத்தான் எடுத்துக்கொண்டது. அதற்கு முன், அறிஞர்கள் பல கட்டங்களில் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வெளியிடும் நியூபீடியா என்ற கலைக்களஞ்சியத்தை நடத்திப் பார்த்து, அது நத்தைபோல் நகர்ந்ததைக் கண்டவர்கள்தான் இதைத் தொடங்கினார்கள்.

நம் பக்கத்துக் கதையில் இன்னொரு தடையும் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதப்படும் வரலாறுகளில் அது வருவதில்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டபோதே சென்னையும் அந்தப் பட்டியலில் இருந்தது. நான் கடை திறந்த காலத்தில் மணிக்கு முப்பது ரூபாய் வாங்கினேன். மோடம் கிரீச்சிட்டு இணைப்புக் கிடைத்த பின், பிளஸ் டூ ரிசல்ட் பார்த்து, அச்செடுத்துக்கொண்டு, மீதிச் சில்லறை வாங்கிப் போவார்கள். தமிழ்த் தளம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துரு. அது கணினியில் இல்லையென்றால் திரை முழுவதும் கொக்கிகளும் சதுரங்களுமாகத் தெரியும். படிப்பதே இந்தப் பாடு என்றால் எழுதுவதை யார் நினைப்பார்கள்? 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதன்பின் சில ஆண்டுகள் கழித்து, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவலான பிறகுதான் சாதாரண மனிதர் தமிழில் தட்டச்சு செய்வது நடைமுறையானது. இவ்வளவு இடைஞ்சலுக்கு நடுவிலும் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கப்பட்டு, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

படிப்பவர்களும் சேர்ந்து எழுதும் வலையைக் குறிக்கும் ‘வெப் 2.0’ என்பதைப் புதிய மென்பொருள் பதிப்பாக நினைப்பது மற்றொரு சிறு தவறு. 1999-இல் டார்சி டினூச்சி என்ற வடிவமைப்பாளர் ஒரு கட்டுரையில் பயன்படுத்திய அந்தச் சொல், 2004-இல் கணினி நூல் பதிப்பாளர் டிம் ஓரைலியின் நிறுவனம் நடத்திய மாநாட்டுக்குப் பிறகு பரவியது. அன்று எவரும் எதையும் புதிதாக நிறுவவில்லை. பயன்பாடு மாறியதற்கு ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்.

‘நான் எழுதவில்லை, அனுப்பினேன்’

நான் அடிக்கடி கேட்கும், என்னை மிகவும் அச்சுறுத்தும் வாக்கியம் இதுதான். சொல்பவர் தம்மை இன்னும் வாசகராகவே நினைத்துக்கொள்கிறார்: எழுதியவர் வேறொருவர், பொறுப்பும் அவருடையது, தாம் படித்ததைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டியது மட்டுமே தம் செயல் என்கிறார். ஆனால் இருநூறு பேர் உள்ள குழுவுக்கு ஒன்றை அனுப்புகிறவர் அந்த இருநூறு பேருக்கும் அதை வெளியிடுகிறார். 2018-இல் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியாகத் தமிழகத்தின் வட மாவட்டங்களில் பரவியது. அந்த மே மாதம், நம் எண்ணூருக்கு வடக்கே அதிகத் தொலைவில்லாத பழவேற்காட்டில், எந்தக் குற்றமும் செய்யாத ஒரு மனிதரைக் கூட்டம் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அந்தச் செய்தியை முதலில் எழுதியவர் ஒருவராக இருக்கலாம். அதை அந்தக் கூட்டத்தின் கைகளில் சேர்த்தவர்கள் ஆயிரக்கணக்கானோர், அவர்களில் பெரும்பாலோர் தம் பிள்ளைகள்மேல் இருந்த கவலையால் அனுப்பியவர்கள். நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நடந்த பின், அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு 2020 ஏப்ரலில் அது ஒன்றாகக் குறைக்கப்பட்டது.

வரம்பு வேகத்தைக் குறைக்கும். சரியா தவறா என்று பார்க்கும் வேலையை அது செய்யாது. அந்த வேலைக்குக் கணினி அறிவு பெரிதாகத் தேவையில்லை என்பதை என் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருக் குழுவில் ‘வியாசர்பாடி, இப்போது’ என்ற குறிப்போடு இடுப்பளவு வெள்ளத்தின் காட்சி ஒன்று வந்தது. அதில் தெரிந்த கடைப் பலகை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அகற்றப்பட்டுவிட்டது என்பதை, அந்தத் தெருவில் தங்கைக்கு வீடு இருந்த ஓர் அம்மா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். அது 2015-இன் காட்சி. படத்தில் பலகை, பேருந்து எண், சுவரொட்டி ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பதும், அந்தப் பகுதியில் இருக்கும் ஒருவருக்கு ஒரு போன் போடுவதும், நாளும் நேரமும் இல்லாத செய்தியை அங்கேயே நிறுத்திவிடுவதும் போதும்.

உதவி கேட்கும் செய்திகளுக்கு இன்னும் கூடுதலான கவனம் தேவை. 2015 வெள்ளத்தின்போது, படகு கேட்டு அனுப்பப்பட்ட முகவரிகளும் தொலைபேசி எண்களும், அந்த மக்கள் மீட்கப்பட்ட பிறகும் நாள் கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. மீட்புக்குச் சென்றவர்கள் வெறும் வீட்டின் முன் நின்றார்கள். வேறொரு தெருவில் மெய்யாகவே தவித்தவர்கள் காத்திருந்தார்கள். கேட்கும்போது நாளையும் நேரத்தையும் எழுதுவது, உதவி கிடைத்தவுடன் ‘கிடைத்துவிட்டது’ என்று அதே இடத்தில் பதிவது, பிறருடைய எண்ணை அவரைக் கேட்காமல் பொதுவெளியில் போடாமல் இருப்பது என்ற மூன்றும் அன்று பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதே வாரத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, எவரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடத்தின் மேல், நீர் தேங்கிய தெருக்களை மக்களே தொட்டுக் குறிக்கும் வசதியைத் தன்னார்வலர்கள் அமைத்தார்கள். எந்த வழியாகப் போகக் கூடாது என்பதை அங்கிருந்தே பலர் அறிந்துகொண்டார்கள். அங்கே ஒவ்வொருவரும் தாம் கண்ணால் கண்ட ஒரு தெருவை மட்டுமே குறித்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

கண்ணால் கண்டதைப் பதிவு செய்கிறவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். மிக்ஜாம் புயலுக்குப் பின் வெள்ள நீரோடு கலந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பங்களில் படகிலும் வலையிலும் படிந்ததை மக்கள் தம் கைப்பேசிகளில் எடுத்தார்கள். அப்படி எடுத்த பலர் அதற்குப் பாட்டுச் சேர்த்து, மேலே எழுத்துப் போட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்துவிடுகிறார்கள். அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. எடுத்த நேரமும் இடமும் குறித்த விவரங்கள் கோப்பிலிருந்து நீங்கிவிடுகின்றன. பின்னாளில் இழப்பீட்டுக்கோ விசாரணைக்கோ தேவைப்படும்போது கையில் இருப்பது பாட்டோடு கூடிய மங்கலான காட்சி மட்டுமே. மூலக் கோப்பை அப்படியே ஓரிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, நகலில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

எல்லோரும் சொல்வதாக நினைப்பது

இணையத்தில் பலரும் எழுதலாம் என்பதிலிருந்து, பலரும் எழுதுகிறார்கள் என்ற முடிவுக்குத் தாவுவது எளிது. 2006-இல் யாக்கோப் நீல்சன் என்ற ஆய்வாளர் பங்கேற்பின் ஏற்றத்தாழ்வைத் தோராயமாக இப்படிக் கணக்கிட்டார்: நூறு பேரில் தொண்ணூறு பேர் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், பெரும்பகுதியை எழுதுவது எஞ்சிய ஒருவர்தான். ஆகவே ‘நெட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க’ என்பதன் பொருள், எழுத நேரமும் மனமும் உள்ள சிலர் அப்படிச் சொல்கிறார்கள் என்பதே. வடசென்னை என்று தேடினால் ரவுடியும் கத்தியும் வருவதற்குக் காரணம் இங்கே அவை மட்டுமே இருப்பதன்று. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தையும், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நிற்பதையும், வியாசர்பாடிப் பிள்ளைகளின் கால்பந்தையும் அறிந்தவர்கள் அந்தத் தொண்ணூறு பேரில் இருந்துவிடுகிறார்கள். இது வருத்தப்படுவதற்காகச் சொல்வதில்லை. எந்தத் தலைப்பைப் படித்தாலும், இதை எழுதாமல் இருந்தவர்கள் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

ராயபுரம் ரயில் நிலையமும் விக்கிப்பீடியாவும்

எழுத முன்வருகிறவர்கள் செய்யும் தவறுகளுக்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி, 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. படிப்பகத்தில் ஒரு மாணவர், நம் ஊர்ப் பெருமையைச் சேர்க்க வேண்டும் என்ற ஆர்வத்தில், ‘இந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரம்’ என்று ஒரு கட்டுரையில் எழுதினார். மறுநாள் காலையில் அந்த வரி காணாமல் போயிருந்தது. அவர் மீண்டும் எழுதினார், மீண்டும் நீக்கப்பட்டது. ‘வடசென்னைன்னா இவங்களுக்கு எப்பவும் இளப்பம்தான் சார்’ என்று கோபத்தோடு என்னிடம் வந்தார்.

இங்கே மூன்று தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. முதலாவது, எல்லோரும் சொல்லக் கேட்டதைச் சான்றாகக் கொண்டது. இந்தியாவில் பயணிகள் ரயில் முதலில் ஓடியது 1853-இல், பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையில். ராயபுரம் திறக்கப்பட்டது 1856-இல், தென்னிந்தியாவின் முதல் நிலையமாக. பம்பாயிலும் தானேயிலும் இருந்த அந்த முதல் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரத்தின் கட்டடம் நிற்கிறது. ஆகவே நாட்டில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமை அதற்கு உண்டு, அதுவே போதிய பெருமை. இரண்டாவது, வரியை நீக்கியவர் காரணம் எழுதியிருக்கிறாரா என்று பார்க்காமல் போனது. ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே ‘வரலாறு’ என்றொரு பகுதி இருக்கிறது; யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பது வரிக்கு வரி அங்கே கிடைக்கும். அச்சு நூலில் இல்லாத இந்த வசதியை, என் அனுபவத்தில், படிப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் திறந்து பார்ப்பதில்லை. மூன்றாவது, ஒரே திருத்தத்தைப் பிடிவாதமாக மீண்டும் செய்தது. கருத்து வேறுபாட்டை ‘உரையாடல்’ பக்கத்தில் பேச வேண்டும். பொதுவான சந்தேகங்களுக்கு ‘ஆலமரத்தடி’ என்றே பெயர் வைத்து ஓரிடம் இருக்கிறது. கைபழகுவதற்கு ‘மணல்தொட்டி’ உண்டு, அங்கே எழுதி அழித்தால் எவரும் கேட்க மாட்டார்கள்.

அந்த மாணவர் நூலகத்திலிருந்து ஒரு நூலின் பக்க எண்ணோடு வந்து, 1856 என்ற ஆண்டையும் ‘இன்றும் நிற்கும்’ என்ற சொற்களையும் சேர்த்து எழுதினார். அந்த வரியை எவரும் நீக்கவில்லை.

நாளிதழ்ச் செய்தியை அப்படியே எடுத்து ஒட்டுவது, தம் நிறுவனத்தையோ தம் உறவினரையோ பற்றித் தாமே எழுதுவது ஆகியவையும் வழக்கமான தவறுகள். முதலாவது காப்புரிமை மீறல், இரண்டாவது விளம்பரம். ஆனால் துணிந்து தவறு செய்பவர்களைவிட, ‘நான் யார் சார் எழுதுறதுக்கு’ என்று ஒதுங்குபவர்களே அதிகம், அந்த ஒதுக்கமும் தவறுதான். அவர்களைத் தமிழ் விக்கிமூலத்துக்கு அனுப்புகிறேன். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் பக்கப் படங்களை ஒருபுறமும், கணினி அதிலிருந்து பிழையோடு படித்தெடுத்த எழுத்துகளை மறுபுறமும் வைத்து மெய்ப்புப் பார்க்கும் வேலை அங்கே குவிந்து கிடக்கிறது. ‘ள’வும் ‘ன’வும் மாறிக் கிடப்பதைத் திருத்தத் தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும்.

போட்டது அங்கேயே இருக்கும் என்று நம்புவது

கடை நடத்திய காலத்தில் பலருக்கு ஆர்க்குட் கணக்கு நான்தான் தொடங்கிக் கொடுத்தேன். 2004-இல் வந்த அந்தத் தளம் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. எடுத்து வைத்துக்கொள்ளும்படி அறிவிப்பும் அவகாசமும் கொடுத்தும், அந்த அறிவிப்பைப் பார்க்காதவர்களின் கல்யாணப் படங்கள் போயே போயின. அதற்கு முன் 1994 முதல் லட்சக்கணக்கானோர் தம் சொந்தப் பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்ற தளத்தை, அதை வாங்கியிருந்த யாகூ 2009-இல் மூடியது. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பதுபோல்தான் இது. எங்கே எழுதினாலும் ஒரு படி நம்மிடம் இருக்க வேண்டும். சேர்ந்து உழைத்ததை வெளியே எடுத்துச்செல்ல அந்தத் தளம் அனுமதிக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். விக்கிப்பீடியாவின் உள்ளடக்கத்தை எவரும் முழுவதுமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவும் அப்படியே. ஒரு தனியார் வரைபடத்துக்கு நாம் இலவசமாக அனுப்பும் திருத்தம் அந்த நிறுவனத்தின் சொத்தோடு சேர்ந்துவிடுகிறது.

எங்கள் தெருவின் பெயரைத் திருத்திய மாணவிக்கு இது பிடிக்கவில்லை. அதே திருத்தத்தைத் திறந்த வரைபடத்திலும் செய்ய உட்கார்ந்தவர், பக்கத்துச் சந்துக்கு அங்கே பெயரே இல்லை என்பதைக் கண்டார். தெருப் பெரியவர்களிடம் கேட்டபோது ஒருவர் ‘பள்ளிக்கூடச் சந்து’ என்றார், மற்றொருவர் ‘வண்டிப்பேட்டைச் சந்து’ என்றார், மாநகராட்சிப் பலகையில் மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. பலகையில் உள்ளதை முதன்மைப் பெயராகவும் மற்ற இரண்டையும் மாற்றுப் பெயர்களாகவும் பதிய அந்த வரைபடத்தில் இடம் உண்டு என்பதால் அவர் அப்படியே பதிந்துவிட்டார். வண்டிப்பேட்டைக்காரர் மட்டும், பள்ளிக்கூடம் வந்தது பிறகுதான், தம் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் படிப்பகத்துக்கு வந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.